விரிந்த பரசூட்டுக்குக் கீழேயும் சாவு இருக்கு

ஸ்கைடைவிங் பற்றிக் கதை வந்தால் எங்கட செட்டுக்குள் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "பரசூட் விரியாட்டி என்னடா செய்யிறது?" நியாயமான பயம்தான். ஆனால் அந்தக் கேள்வியோடு மட்டும் நின்றுவிட்டால், இந்த விளையாட்டை நாங்கள் விளங்கிக்கொள்ளவில்லை என்றுதான் அர்த்தம். இன்றைக்கு வானத்திலிருந்து குதித்து இறந்துபோகிறவர்களில் கணிசமானவர்களுக்குப் பரசூட் விரிந்திருக்கிறது. கிழிசல் இல்லை, கயிற்றில் சிக்கல் இல்லை. முழுதாக விரிந்த பரசூட்டில் தொங்கிக்கொண்டு வந்து, கடைசிச் சில விநாடிகளில் எடுத்த ஒரு முடிவால் நிலத்தில் மோதி இறக்கிறார்கள்.

இதை ஏன் எழுதுகிறோம் என்றால், இந்த விளையாட்டு இப்போது எங்களுக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை. டுபாயில் பாம் தீவுக்கு மேலே குதிக்கிற ரீல்ஸ் எல்லாருடைய ஃபோனிலும் வருகிறது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இருக்கிற எங்கட மச்சான், மச்சாள்மார் பிறந்தநாளுக்கு டான்டம் குதிப்பு புக் பண்ணுகிறார்கள். சிலர் அதோடு நிற்காமல் தனியே குதிக்கப் பழகவும் தொடங்கிவிட்டார்கள். வேலைக்கோ படிப்புக்கோ வெளியே போகிற எங்களில் சிலரும் நாளைக்கு அந்த விமானத்தில் ஏறத்தான் போகிறோம். நாங்கள் இன்னும் குதித்ததில்லை. ஆனால் அமெரிக்கப் பரசூட் சங்கத்தின் பயிற்சி விதிகளையும் விபத்து அறிக்கைகளையும் உட்கார்ந்து வாசித்தோம். வாசிக்க வாசிக்க ஒரு விஷயம் தெளிவானது. இது துணிச்சலின் விளையாட்டு இல்லை. நிலத்தில் நிற்கும்போதே முடிவெடுத்து வைத்துக்கொள்கிற விளையாட்டு.

முதலில் பயத்தை அதன் அளவில் வைப்போம். 1970களில் அமெரிக்காவில் வருடத்துக்குச் சராசரியாக 40 இற்கு மேற்பட்டவர்கள் ஸ்கைடைவிங்கில் இறந்தார்கள். 2023 இல் அந்த எண்ணிக்கை 10. அந்த ஒரு வருடத்தில் மட்டும் அங்கே சுமார் 36 இலட்சம் குதிப்புகள் நடந்திருக்கின்றன. இந்த மாற்றத்துக்குக் கருவிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1970களில் பில் பூத் என்கிற அமெரிக்கர் மூன்று வளையங்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்து ஒரு பூட்டைக் கண்டுபிடித்தார். பிரதான பரசூட் பழுதானால் ஒரே கைபிடியை இழுத்து அதை முழுதாகக் கழற்றிவிடலாம். இன்றைக்கும் தோளில் அந்த மூன்று வளையங்கள்தான். 1991 இல் ஜேர்மனியின் எயார்டெக் நிறுவனம் சைப்ரஸ் என்ற சின்னக் கருவியைக் கொண்டுவந்தது. குதித்தவர் மயங்கிப்போனாலும், உயரத்தை மறந்துபோனாலும், அது காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் வேகத்தையும் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். ஏறக்குறைய 750 அடியிலும் ஆள் விழுகிற வேகத்திலேயே வந்துகொண்டிருந்தால், ரிசேர்வ் பரசூட்டை மூடி வைத்திருக்கிற நூலைத் தானே வெட்டிவிடும். இந்த இரண்டாலும் உயிர் தப்பியவர்கள் ஏராளம்.

அதே பில் பூத்தின் பெயரில் இன்னொன்றும் அந்த உலகத்தில் பிரபலம். அதைப் பூத்தின் இரண்டாவது விதி என்பார்கள். சாரம் இதுதான்: கருவி எவ்வளவு பாதுகாப்பாகிறதோ, மனிசர் அவ்வளவுக்கு ஆபத்தைக் கூட்டிக்கொள்வார்கள், கடைசியில் சாவுக் கணக்கு அப்படியேதான் நிற்கும். சாவுக் கணக்கு குறைந்திருக்கிறதுதான். அந்த வகையில் விதி முழுதாகப் பலிக்கவில்லை. ஆனால் அதன் முதல் பாதி உண்மை என்பது எங்களுக்குத் தெரியாததா? கிடங்கும் பள்ளமுமாய்க் கிடந்த வீதி கார்ப்பெட் வீதியானதும் நாங்கள் என்ன செய்தோம்? கவனமாகவா ஓடினோம்? முறுக்கினோம். வீதி தந்த பாதுகாப்பை வேகமாக மாற்றிச் செலவழித்தோம்.

ஸ்கைடைவிங்கிலும் இதுதான் நடந்தது. பரசூட்டுகள் நம்பகமானவையாக மாறியதும் அவற்றைச் சிறிதாக்கினார்கள். சின்னப் பரசூட் என்றால் வேகம் கூட, திருப்பம் கூர்மை, பார்க்கவும் ஸ்டைல். நிலத்துக்குக் கிட்ட வந்து ஒரு பக்கம் இழுத்துத் திரும்பினால் பரசூட் குத்தென இறங்கி வேகமெடுக்கும். பிறகு நிமிர்ந்து, புல்லின் மேலே வழுக்கிக்கொண்டு போகலாம். வருடக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள் இதைப் போட்டியாகவே செய்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், நிமிர்வதற்கு உயரம் வேணும். உயரம் போதாவிட்டால் மோதல் அந்த வேகத்திலேயே நடக்கும். அந்த நேரத்தில் சைப்ரஸால் ஒன்றும் செய்ய ஏலாது. அதற்குப் பரசூட் ஓட்டத் தெரியாது.

இது வீரம் காட்டுகிறவர்களுக்கு மட்டும் வருகிற சாவு என்றும் நினைக்க வேண்டாம். புதிதாகப் பழகிற பிள்ளை ஒன்று 100 அடியில் வரும்போது முன்னால் வேலி தெரிகிறது. அல்லது காற்றுக்கு முதுகு காட்டி இறங்குவது அப்போதுதான் விளங்குகிறது. பதறி ஒரு பக்கக் கயிற்றை முழுதாக இழுக்கிறார். அதே குத்தல், அதே மோதல். காற்றின் திசையிலேயே போய் இறங்கியிருந்தால் முழங்கால் உரசியிருக்கும், கூடிப்போனால் கணுக்கால் முறிந்திருக்கும். அந்தத் திருப்பம்தான் உயிரை எடுக்கிறது. அதனால்தான் பயிற்சியில் இறங்குவதற்கு மூன்று முன்னுரிமைகளை வரிசையாக மனப்பாடமாக்குகிறார்கள். முதலாவது, தலைக்கு மேலே பரசூட் சமமாக இருக்கவேண்டும். இரண்டாவது, தடையில்லாத வெளி. மூன்றாவது, இரண்டு கைகளாலும் கயிறுகளை ஒன்றாகக் கீழே இழுத்து வேகத்தைக் குறைத்து, கால்களை ஒட்டி, முழங்காலை மெல்ல மடித்து, பக்கவாட்டில் உருண்டு விழுவது. காற்றுக்கு எதிராக, நின்றபடி, அழகாக இறங்குவது இந்த மூன்றிலும் இல்லை. வீடியோவில் நன்றாக இருப்பதும் இல்லை. உருண்டு விழுந்தால் ஆட்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

கருவி என்று வரும்போது எங்கட புத்தி எப்போதும் "எது பெஸ்ட்?" என்றுதான் போகும். இங்கே கேட்கவேண்டியது "எனக்கு எது பொருந்தும்?" என்பது. பரசூட்டைத் தெரிவு செய்ய ஒரு எளிய கணக்கு இருக்கிறது. குதிக்கிறவரின் நிறையையும் அவர் அணிந்திருக்கும் கருவிகளின் நிறையையும் இறாத்தலில் கூட்டி, பரசூட்டின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து வகுக்கவேண்டும். 70 கிலோ ஆள் என்றால் 154 இறாத்தல். கருவிகள் ஒரு 25 இறாத்தல் என்று வைத்தால் எல்லாமாக ஏறக்குறைய 180. 180 சதுர அடிப் பரசூட் என்றால் விடை 1. முதல் உரிமம் எடுத்த ஆள் அந்த 1 ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. பழகும்போது அதைவிடப் பெரிய பரசூட்தான் தருவார்கள். மூன்று வருடம் குதித்த மச்சான் "இது கைராசியான பரசூட், நீ எடு" என்று தன்னுடைய பழைய 135 ஐ அன்பாய்க் கொடுத்தால், அன்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கருவி வாங்குவதில் பிழையில்லை. ஆனால் பணத்தைக் கொடுக்க முதல் உரிமம் பெற்ற ரிகர் ஒருவர் அதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ரிகர் என்பவர் பரசூட் மடிப்பதற்கும் திருத்துவதற்கும் சான்றிதழ் பெற்ற ஆள். பிரதான பரசூட்டைக் குதிக்கிறவர் தானே மடிக்கலாம். ரிசேர்வை அப்படி மடிக்க முடியாது. அமெரிக்காவில் 180 நாட்களுக்கு ஒருமுறை, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும், ரிகர்தான் அதை விரித்துப் பார்த்துத் திரும்ப மடிக்கவேண்டும். அந்தத் திகதி எழுதிய அட்டை பரசூட் பையோடேயே இருக்கும். வாடகைக்கு எடுத்தாலும் அந்த அட்டையைக் கேட்டுப் பார்ப்பது எங்கட உரிமை. கேட்டால் முகம் சுளிக்கிற இடம் குதிக்கிறதுக்கு உகந்த இடம் இல்லை.

விமானத்தில் ஏற முதலும் குதிக்க முதலும் செய்கிற சோதனை மூன்று மூன்றாகப் போகும். தோளில் மூன்று வளையங்கள் சரியாகக் கோத்திருக்கா? உடம்பைப் பிடிக்கிற மூன்று பட்டிகள், அதாவது நெஞ்சுப் பட்டியும் இரண்டு தொடைப் பட்டிகளும், பூட்டி இறுக்கியிருக்கா? பிரதான பரசூட்டை விரிக்கிறது, அதைக் கழற்றிவிடுகிறது, ரிசேர்வை விரிக்கிறது என்று மூன்று கைபிடிகளும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கா? எல்லாமாக ஒரு நிமிசம் கூடப் பிடிக்காது. ஆயிரம் தடவை குதித்தவரும் இதைச் செய்யவேண்டும். சொல்லப்போனால் அவர்தான் கட்டாயம் செய்யவேண்டும், ஏனென்றால் "எனக்குத் தெரியாததா" என்ற எண்ணம் அவருக்குத்தான் வரும்.

இனி அந்தப் பழைய கேள்விக்கு வருவோம். விரியாட்டி என்ன செய்யிறது? விடை நேரத்தில் இருக்கிறது. ஏறக்குறைய 13,000 அடியில் குதித்தால் ஒரு நிமிசம் போல வெறும் விழுகைதான். வேகம் மணிக்கு 200 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஒரு விநாடிக்கு 55 மீற்றர். 3,000 அடியில் ஒன்றுமே விரியாமல் விழுகிற ஆளுக்கு நிலம் வர 17 விநாடிதான் இருக்கும். 17 விநாடிக்குள் யோசித்து, தயங்கி, "இன்னொருக்கா இழுத்துப் பார்ப்பமா" என்று மனசோடு பேசி முடிவெடுக்க ஏலாது. எனவே முடிவை முதலே எடுத்து வைக்கிறார்கள். அமெரிக்கச் சங்கத்தின் விதிப்படி மாணவரும் முதல் உரிமக்காரரும் 3,000 அடிக்கு மேலேயே பரசூட்டை விரிக்கவேண்டும். விரிந்ததும் பார்க்கவேண்டியது மூன்று: சரியான வடிவத்தில் இருக்கா, நிலையாய் நிற்குதா, திருப்பினால் திரும்புதா? ஒன்றுக்காவது "இல்லை" என்றால் திருத்திப் பார்க்கலாம், ஆனால் 2,500 அடி வரைக்கும்தான். அந்த உயரத்தில் இன்னும் சரிவராவிட்டால் யோசனை முடிந்தது. வலப்பக்கக் கைபிடியைப் பார்த்து, பிடித்து, இழுத்துப் பழுதானதைக் கழற்றவேண்டும். உடனே இடப்பக்கக் கைபிடியை இழுத்து ரிசேர்வை விரிக்கவேண்டும். நிலத்தில் தொங்கு பட்டியில் தொங்கவிட்டு இதையே திரும்பத் திரும்பச் செய்விக்கிறார்கள். மூளை உறைந்தாலும் கை செய்யவேண்டும் என்பதற்காக.

இதை விளங்கிக்கொள்ள எங்களுக்கு அமெரிக்கா வரை போகத் தேவையில்லை. 2021 டிசம்பரில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு பெரிய பட்டத்தின் கயிற்றோடு ஒரு இளைஞர் மேலே இழுபட்டுப் போன வீடியோவை உலகமே பார்த்தது. கயிற்றைப் பிடித்திருந்த மற்றவர்கள் நேரத்துக்கு விட்டுவிட்டார்கள். அவர் விடவில்லை. மூன்றடியில் விட்டிருந்தால் ஒன்றுமில்லை. பத்தடியில் யோசிப்போம். முப்பதடியில் விடவும் ஏலாது, பிடிக்கவும் ஏலாது. நல்ல காலம், உயிர் தப்பினார். அவரை நக்கலடித்து வந்த மீம்களைப் பார்த்து நாங்களும்தான் சிரித்தோம். ஆனால் அந்த இடத்தில் எங்களில் யார் நின்றிருந்தாலும், எந்த உயரத்தில் விடுவது என்று முதலே தீர்மானித்திருக்காவிட்டால், கை தானாய் விட்டிருக்காது. பயத்தில் கை இறுக்கத்தான் செய்யும்.

அடுத்தது கமரா. 200 குதிப்புகளும் அதற்குரிய உரிமமும் இல்லாமல் தலையில் கமரா கட்ட வேண்டாம் என்று அமெரிக்கச் சங்கம் பரிந்துரைக்கிறது. முதல் உரிமத்துக்கு 25 குதிப்பு போதும். கமராவுக்கு அதன் எட்டு மடங்கு. சின்னப் பொருள்தானே என்று தோன்றும். ஆனால் கயிறு சிக்க அதுவே போதும். அதைவிடப் பெரிய ஆபத்து, கவனம் உயரத்திலிருந்து ஷொட்டுக்குப் போய்விடுவது. 1988 ஏப்ரலில் அமெரிக்காவின் வட கரோலினாவில், 800 இற்கு மேற்பட்ட தடவை குதித்த ஒருவர், மற்றவர்கள் குதிப்பதைப் படம்பிடிக்க விமானத்தில் ஏறினார். அவர்களுக்குப் பின்னால் குதித்தார். பரசூட் பையை அவர் போட்டிருக்கவே இல்லை. தேர்ந்த ஆள். மனசு முழுக்கக் கமராவில் இருந்தது. அந்த ஒரு நிமிசச் சோதனையை அவரும் செய்யவில்லை, பக்கத்தில் இருந்தவர்களும் அவருக்குச் செய்யவில்லை.

கமராவுக்கு முன்னால் பின்வாங்க வெட்கப்படுவது எங்கட தலைமுறையோடு தொடங்கியதும் இல்லை. 1912 பெப்ரவரி 4 ஆம் திகதி பிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையற்காரர், தான் தைத்த பரசூட் உடுப்போடு பாரிஸின் ஈபிள் கோபுரத்தில் ஏறினார். பொம்மையைப் போட்டுத்தான் சோதிப்பேன் என்று சொல்லி அனுமதி எடுத்திருந்தார். பத்திரிகைக்காரரும் படப்பிடிப்பாளரும் கூடி நின்றார்கள். நண்பர்கள் மறித்தார்கள். 57 மீற்றர் உயரமான முதல் தளத்திலிருந்து அவரே குதித்தார், இறந்தார். குதிக்க முதல் அவர் விளிம்பில் தயங்கி நிற்பது அந்தப் படத்தில் இன்றைக்கும் இருக்கிறது. அந்தத் தயக்கம் சரியானது. அதற்கு அவர் செவிகொடுக்கவில்லை.

இதற்கு நேர் எதிரான உதாரணம் ஃபீலிக்ஸ் பாம்கார்ட்னர். 2012 ஒக்டோபர் 14 இல் 39 கிலோமீற்றர் உயரத்திலிருந்து அவர் குதித்ததை உலகம் நேரலையில் பார்த்தது. எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது அந்தக் கதவடியில் நின்று குதித்த கணம்தான். அதற்கு முந்திய நிமிசங்களில் நடந்தது ஒரு பட்டியல் வாசிப்பு. 1960 இல் 31 கிலோமீற்றரிலிருந்து குதித்த ஜோ கிட்டிங்கர் கீழே இருந்து ஒவ்வொன்றாக வாசிக்க, பாம்கார்ட்னர் ஒவ்வொன்றாகச் செய்தார். இருக்கைப் பட்டியைக் கழற்றுவது கூட அந்தப் பட்டியலில் இருந்தது. அதை யாரும் ரீலாக வெட்டிப் போடுவதில்லை.

டான்டம் மட்டும் குதிக்க நினைக்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லவேண்டும். டான்டத்தில் பயிற்றுநர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், உண்மைதான். அமெரிக்க விமானச் சட்டப்படி அவருக்குக் குறைந்தது மூன்று வருட அனுபவமும் 500 குதிப்புகளும் இருக்கவேண்டும். அங்கே சங்கத்தின் விதிப்படி 18 வயது ஆகாதவர்கள் குதிக்க ஏலாது. ஆனால் எங்களுக்கும் வேலை இருக்கிறது. போகிற இடம் அந்த நாட்டுச் சங்கத்தில் பதிந்ததா என்று பாருங்கள். நிறையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். பட்டியும் பரசூட்டும் இறங்குகிற வேகமும் அந்த எண்ணில்தான் தங்கியிருக்கு. ஆஸ்துமா, வலிப்பு, முதுகு நோ, தோள்மூட்டு விலகிய பழைய கதை எதையும் மறைக்க வேண்டாம். கட்டின காசு பெரிசில்லை. கையெழுத்து வைக்க முதல் பத்திரத்தை வாசியுங்கள். பயணக் காப்புறுதி வைத்திருந்தால் அது ஸ்கைடைவிங்கை விலக்கியிருக்கா என்றும் பாருங்கள். குதிக்கும்போது இடுப்பை முன்தள்ளி உடம்பை வில்லாய் வளைப்பது, இறங்கும்போது கால்களை உயர்த்துவது, இரண்டையும் நிலத்திலேயே செய்து பழகுங்கள். காற்றுக் கூட என்று சொல்லி அன்றைய குதிப்பை நிறுத்தினால் சண்டை பிடிக்க வேண்டாம். நிறுத்தத் தெரிந்த இடம் என்று சந்தோசப்படுங்கள்.

"இவ்வளவு கணக்குப் பார்த்தால் அதில் என்ன திரில்?" என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். எங்கட பதில்: கணக்குப் பார்க்காதவர்களுக்குக் கிடைப்பது திரில் இல்லை, தற்செயல். எங்கட ஊரில் ஒரு விபத்து நடந்தால் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டுவோம், விதி என்போம், அடுத்த கிழமை அதே வளைவில் அதே வேகத்தில் போவோம். நாங்கள் வாசித்த விபத்து அறிக்கைகளில் விதி என்ற சொல்லுக்கு இடமே இல்லை. இறந்தவரின் பெயரும் இல்லை, திட்டலும் இல்லை. எத்தனை குதிப்பு அனுபவம், பரசூட் எத்தனை சதுர அடி, காற்று எப்படி, எந்த உயரத்தில் என்ன செய்தார், எந்த இடத்தில் வேறு முடிவு எடுத்திருக்கலாம், அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை குதிக்கப் போகிற ஆள் அதை வாசிக்கிறார். இறந்தவருக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதுவும் ஒன்று என்று நாங்கள் நினைக்கிறோம். மோட்டார் சைக்கிளுக்கும், கடலுக்கும், குளத்துக்கும் நாங்கள் இப்படி ஒரு அறிக்கை எழுதிப் பழகியிருந்தால் எத்தனை போஸ்டர்கள் குறைந்திருக்கும்?

அந்த விளையாட்டில் எங்களுக்கு மிகப் பிடித்த வழக்கம் ஒன்று இருக்கிறது. விமானம் மேலே போன பிறகும், கதவு திறந்த பிறகும், மனசு ஒத்துக்கொள்ளாவிட்டால் குதிக்காமல் விமானத்திலேயே திரும்பி இறங்கலாம். விளக்கம் சொல்லத் தேவையில்லை. நல்ல குதிப்பு மைதானங்களில் அப்படி வந்தவரை யாரும் பயந்தாங்கொள்ளி என்பதில்லை. அப்படிச் சொல்லத் தொடங்கினால் அடுத்த முறை அவர் வெட்கத்துக்காகக் குதிப்பார் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, போகிறவர்கள் போங்கள். பெரிய பரசூட், திகதி சரியான ரிசேர்வ், மூன்று மூன்றாய்ச் சோதனை, 2,500 அடியில் முடிந்துபோகிற யோசனை, உருண்டு விழத் தயாரான உடம்பு, இவ்வளவோடும் போங்கள். கமராவைக் கீழேயே விட்டுவிட்டுப் போங்கள். குதிக்காமல் திரும்பி வந்த நண்பருக்கும் குதித்தவருக்கு வாங்குகிற அதே பிளேன்ரீயை வாங்கிக் கொடுங்கள்.